பெண்கள் தொழில்முறை கோல்ஃபில் ஜெயிக்க வைப்பது எந்தத் திறமை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் எல்.பி.ஜி.ஏ. டூர் என்ற அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரைப் பற்றியவை. 1950-இல் 13 வீராங்கனைகள் சேர்ந்து தொடங்கிய டூர் அது. இன்று உலகின் முன்னணிப் பெண்கள் கூடுவது அங்கேதான். தூரங்களை யார்டிலும், பட்டிங் (குழிக்கு அருகே பந்தை உருட்டி அடிப்பது) தூரங்களை அடியிலும் கொடுத்திருக்கிறோம். கோல்ஃப் மைதானத்தில் அப்படித்தான் பேசுவார்கள். இடம், வலம் என்று வருவதெல்லாம் வலது கைக்காரருக்கு. இடது கைக்காரர் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

ஒரே ஒரு திறமையைச் சொல்லுங்கள் என்றால்?

கிரீனை (குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரை) நோக்கி அடிக்கும் அயர்ன் (இரும்புத் தலைக் கிளப்) ஷாட். அப்ரோச் என்பது அதுதான். பார்-4 (நான்கு ஷாட்டில் முடிக்க வேண்டிய) குழியில் அது பெரும்பாலும் இரண்டாவது ஷாட், பார்-3-இல் முதல் ஷாட்.

இதை அளக்க ஒரு பழைய கணக்கு உண்டு: பாரில் இரண்டைக் கழித்த எண்ணிக்கைக்குள் பந்து கிரீனில் ஏறிவிட்டதா? பார்-4 என்றால் இரண்டு ஷாட்டில், பார்-5 என்றால் மூன்றில். இதற்கு ஜி.ஐ.ஆர். என்று பெயர். டூரில் சாதாரண வீராங்கனை ஒரு சுற்றின் 18 கிரீன்களில் பன்னிரண்டரை பிடிப்பார். உச்சியில் இருப்பவர் 14 பிடிப்பார். ஒன்றரை கிரீன்தானே என்று தோன்றும். கிரீனைத் தவறவிட்டால், சிப் (கிரீன் அருகிலிருந்து அடிக்கும் குட்டி ஷாட்) அடித்து ஒரே பட்டில் முடித்து பாரைக் காப்பாற்றுவது டூர் வீராங்கனைகளுக்கே பாதிக்குச் சற்று மேல்தான் கைகூடும்; மீதி போகி, அதாவது பாரைவிட ஒன்று கூடுதல். கிரீனில் ஏறிவிட்டாலோ பெரும்பாலும் பார், அவ்வப்போது பர்டி (பாரைவிட ஒன்று குறைவு). இரண்டையும் ஒப்பிட்டால் கிரீன் ஒன்றுக்கு அரை ஸ்ட்ரோக்குக்கு (ஸ்கோரில் எண்ணப்படும் ஓர் அடி) மேல் வித்தியாசம் வரும். நான்கு சுற்றில் அது மூன்று, நான்கு ஸ்ட்ரோக் ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை கோப்பையைத் தூக்குபவருக்கும் பதினைந்தாம் இடத்தில் முடிப்பவருக்கும் இடையே பல வாரங்களில் இருப்பது அவ்வளவுதான்.

தென்கொரியாவின் கோ ஜின்-யங் இதற்கு உயிருள்ள உதாரணம். 2019-இல் அவர் தொடர்ந்து 114 குழிகள் போகி இல்லாமல் ஆடினார். டைகர் வுட்ஸின் 110-ஐ அது தாண்டியது. அந்த ஆண்டு அவர் பிடித்த கிரீன்கள் ஏறத்தாழ 80 சதவீதம். சீசனை முடித்துவைக்கும் 2021 சி.எம்.இ. போட்டியில் மணிக்கட்டு வலியோடு வந்தார். முதல் நாள் ஒன்பதாவது குழிக்குப் பிறகு மீதி 63 கிரீன்களையும் வரிசையாகப் பிடித்து ஜெயித்தார். போகியைத் தவிர்ப்பதற்குப் பெரிய ரகசியம் ஏதுமில்லை. கிரீனைப் பிடித்துக்கொண்டே இருந்தால் போகி தானாகவே அரிதாகிவிடும்.

நெடுந்தூரம் அடிக்காமல் ஜெயிக்க முடியுமா?

முடியும். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிக்கொண்டே போகிறது.

டிராக்மேன் ரேடார் கருவி வெளியிட்ட டூர் சராசரிகள் பரவலாகப் புழங்குகின்றன. பெண்கள் டூரில் ட்ரைவரின் (முதல் ஷாட்டுக்கான மிக நீளமான கிளப்) தலை மணிக்கு சுமார் 94 மைல் வேகத்தில் வருகிறது. பந்து 140 மைல் வேகத்தில் புறப்பட்டு காற்றிலேயே 218 யார்டு போகிறது. ஆண்கள் டூரில் இவை 113, 167, 275. பெண்களின் 5-அயர்ன் 161 யார்டு, 7-அயர்ன் 141, 8-அயர்ன் 130, பிட்சிங் வெட்ஜ் 107. சமீப ஆண்டுகளில் வேகம் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கிறது.

இந்த எண்களை வைத்து ஒரு குழியை ஆடிப் பாருங்கள். 400 யார்டு பார்-4. உருளலையும் சேர்த்து 240 யார்டு அடிப்பவருக்கு 160 மிச்சம், கையில் 5-அயர்ன். 270 அடிப்பவருக்கு 130 மிச்சம், கையில் 8-அயர்ன். 8-அயர்ன் பந்து உயரமாகப் போய்ச் செங்குத்தாக இறங்கும், கிரீனில் சீக்கிரம் நிற்கும், பக்கவாட்டில் சிதறுவதும் குறைவு. நெடுந்தூரத்தின் பலன் ட்ரைவில் தெரிவதைவிட அடுத்த ஷாட்டில்தான் தெரியும். அயர்ன் சுமாராக இருந்தால் அந்த 30 யார்டை அங்கேயே தாரைவார்த்துவிடுவார்.

குறுந்தூரக்காரர்கள் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று பார்க்க இரண்டு பேர் போதும். மெதுவான ஸ்விங், சராசரி தூரம், அபாரமான பட்டர்: தென்கொரியாவின் பாக் இன்-பி இதை வைத்தே ஏழு மேஜர் (ஆண்டின் மிகப் பெரிய போட்டிகள்) பட்டங்களும் 2016 ரியோ ஒலிம்பிக் தங்கமும் வாங்கினார்; 2013-இன் முதல் மூன்று மேஜர்களும் அவருடையவை. இன்னொருவர் பெங்களூரின் அதிதி அசோக். தாயார் கேடியாக (பையைச் சுமந்து ஆலோசனை சொல்பவர்) நடக்க, டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்தார். வெண்கலம் ஒரே ஸ்ட்ரோக்கில் போனது. ட்ரைவ் தூரத்தில் அவர் கடைசி வரிசை, பட்டிங்கில் முதல் வரிசை. இப்படி ஆடுபவருக்கு ஃபேர்வேயை (குட்டையாக வெட்டிய நடுப்பாதை) தவறவிடும் உரிமையே கிடையாது. 160 யார்டு ஷாட்டை ரஃப்பிலிருந்து (ஓரத்து நீளப் புல்) அடித்து கிரீனில் நிறுத்துவது அரிது. ஹைப்ரிட்டும் ஃபேர்வே வுட்டும் (நெடுந்தூரக் கிளப்புகள்), மற்றவர்களின் 8-அயர்ன் அளவுக்கு அவருக்குத் துல்லியமாக இருக்க வேண்டும்.

பட்டிங்தான் பணம் தரும் என்று காலங்காலமாகச் சொல்கிறார்களே?

பாதி உண்மை. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி ஆண்கள் டூரின் ஷாட்களை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டார். முன்னணி ஆட்டக்காரர்களை மற்றவர்களிடமிருந்து பிரிக்கும் வித்தியாசத்தில் அப்ரோச் சுமார் 40 சதவீதம், ட்ரைவிங் 28, கிரீனைச் சுற்றிய ஆட்டம் 17, பட்டிங் 15 என்று அவருக்குக் கிடைத்தது. பெண்கள் ஆட்டத்துக்கு இதே எண்களை அப்படியே ஒட்டவைக்கக் கூடாது. ஆனால் வரிசை பெரிதாக மாறுவதில்லை.

அப்படியானால் பட்டிங்கின் பெயர் எப்படி இவ்வளவு பெரிதானது? ஒரு குறிப்பிட்ட வாரத்தில் ஜெயிப்பவர் அந்த வாரம் நன்றாக பட் செய்திருப்பார். தொலைக்காட்சியில் நாம் பார்ப்பதும் அந்த வாரத்தைத்தான். பட்டிங் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும், அயர்ன் ஆட்டம் ஆண்டு முழுக்க நிற்கும். டூரில் இடத்தைத் தக்கவைப்பது அயர்ன், வந்த வாய்ப்பைப் பட்டமாக மாற்றுவது பட்டர்.

ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட் என்பது என்ன?

ஒவ்வொரு இடத்திலிருந்தும் குழியை முடிக்க டூர் சராசரியாக எத்தனை ஷாட் ஆகும் என்ற அட்டவணையை வைத்து, ஒரு ஷாட் எவ்வளவு லாபம் அல்லது நஷ்டம் என்று பார்ப்பது. எட்டு அடி பட்டை ஆண்கள் டூரில் இரண்டுக்கு ஒன்று போடுகிறார்கள். அதன் சராசரி 1.5. ஒன்றில் முடித்தால் அரை ஸ்ட்ரோக் லாபம், இரண்டில் முடித்தால் அரை நஷ்டம். பெண்கள் டூரில் 2021 முதல் இந்தப் புள்ளிவிவரங்கள் முறையாகத் திரட்டப்படுகின்றன.

பழைய கணக்கு எங்கே ஏமாற்றும் தெரியுமா? சுற்றுக்கு 27 பட் என்று ஒருவர் பெருமைப்படலாம். கிரீனையே பிடிக்காமல் ஒவ்வொரு முறையும் பக்கத்திலிருந்து சிப் அடித்து மூன்றடிக்குக் கொண்டுவந்தால் யாருக்கும் 27 பட்தான் வரும்.

டூர் பெண்களின் ட்ரைவர் ஸ்விங்கில் கற்க என்ன இருக்கிறது?

நிறைய. பொழுதுபோக்காக ஆடும் பெரும்பாலோர், ஆண்கள் உட்பட, ஆண்கள் டூரைப் பார்த்துப் பழகுவதைவிடப் பெண்கள் டூரைப் பார்த்துப் பழகுவது நல்லது, வேகம் கிட்டத்தட்ட ஒத்துப்போவதால். ஆண்கள் டூர் சராசரியில் ட்ரைவர் சுமார் 1.3 டிகிரி கீழ்நோக்கி வந்து பந்தைத் தொடுகிறது. பெண்கள் டூரில் 3 டிகிரி மேல்நோக்கி. 94 மைல் வேகத்தில் பந்தை உயரமாகவும் சுழற்சி குறைவாகவும் அனுப்பாவிட்டால் அது போதிய நேரம் காற்றில் தங்காது. வேகத்தைக் கூட்டாமல், நன்றாகக் கீழ்நோக்கி வெட்டும் ஸ்விங்கை மேல்நோக்கி மாற்றினாலே 20 யார்டு வரை கூடும்.

செய்முறை இது. பந்து இடது குதிகாலின் உள்விளிம்புக்கு நேராக இருக்கட்டும். டீயின் (பந்தைத் தாங்கும் சிறு ஆணி) உயரம், ட்ரைவரைத் தரையில் வைத்தால் பந்தின் பாதி அதன் மேல்விளிம்புக்கு மேலே தெரியும் அளவுக்கு. நிற்கும்போதே வலது தோள் இடதைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். பந்துக்கு முன்னால், இலக்குப் பக்கம், ஒரு அடி தள்ளி பந்து வரும் காலி அட்டைப்பெட்டியைப் படுக்க வையுங்கள். அதைத் தொடாமல் அடிக்க வேண்டும். பெட்டி பறந்தால் இன்னும் வெட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

இதில் இரண்டு தவறு அடிக்கடி வரும். மேல்நோக்கி அடிக்கிறேன் என்று உடல் எடையை வலது காலிலேயே தேக்கிவிடுவது முதல் தவறு. அப்போது ஸ்விங்கின் அடிப்புள்ளி பந்துக்கு வெகு பின்னால் போய், பந்தின் தலையைத் தட்டும் ஷாட் வரும். எடை இடது பக்கம் போய்விட வேண்டும், தலை மட்டும் பந்துக்குப் பின்னால் தங்க வேண்டும். இரண்டாவது, ட்ரைவரையே ஒரு வாரம் பழகிவிட்டு அதே சாய்வோடு அயர்ன் அடிப்பது. அயர்ன் கீழ்நோக்கித்தான் வர வேண்டும்; டூர் பெண்களின் 7-அயர்ன்கூட இரண்டு டிகிரிக்கு மேல் கீழ்நோக்கியே வருகிறது. ஒரே பயிற்சி வேளையில் இரண்டையும் மாற்றி மாற்றி அடியுங்கள்.

வேகத்தைக் கூட்டுவது தனி வேலை. மணிக்கு ஒரு மைல் கூடினால் சுமார் இரண்டரை யார்டு. அது ஜிம்மில் கால், இடுப்பு, முதுகுத் தசைகளிலிருந்து வருகிறது: டெட்லிஃப்ட், ஸ்குவாட், கனப் பந்தை உடலைத் திருப்பிச் சுவரில் எறிவது. டூர் வீராங்கனைகள் போட்டி இல்லாத மாதங்களில் கனமாகத் தூக்குவார்கள், போட்டி வாரத்தில் எடையைக் குறைத்துவிடுவார்கள். முழு வேகத்தில் நாள்தோறும் இருநூறு ட்ரைவ் அடித்து வேகம் தேட நினைப்பவர்களுக்குக் கிடைப்பது கீழ்முதுகு வலியும் மணிக்கட்டு வலியும்தான்.

பையில் என்னென்ன வைத்திருப்பார்கள்?

விதிப்படி 14 கிளப்புக்கு மேல் கூடாது. ஆண்களின் பையோடு முக்கிய வித்தியாசம் நடுவில் இருக்கிறது. 3-அயர்ன், 4-அயர்ன் அநேகமாக இருக்காது. அந்த இடத்தில் 7-வுட்டும் ஹைப்ரிட்களும். சிலர் 9-வுட் வரை போவார்கள். எளிதாக அடிக்க வருகிறது என்பதற்காக மட்டும் இதைச் செய்வதில்லை. கெட்டியான கிரீனில் பந்து நிற்க வேண்டுமென்றால் சுமார் 45 டிகிரி செங்குத்தாக இறங்க வேண்டும். குறைந்த வேகத்தில் அடிக்கும் நீள அயர்ன் தட்டையாக வந்து விழுந்து பின்பக்கம் ஓடிவிடும். அதே தூரத்துக்கு 7-வுட் உயரமாகப் போய் இறங்கும்.

கிளப்புக்குக் கிளப் 10 முதல் 12 யார்டு இடைவெளி இருக்கிறதா என்று ஆண்டுக்கு இரண்டு முறையாவது அளக்க வேண்டும். 5-ஹைப்ரிட்டும் 5-அயர்னும் ஒரே தூரம் போகும் பைகள் ஏராளம். அங்கே ஒரு கிளப் வீண், வேறெங்கோ 20 யார்டு ஓட்டை.

ஊட்டி, கொடைக்கானல் மைதானங்களில் எடுத்த அளவைச் சென்னைக்குக் கொண்டுவராதீர்கள். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் காற்று மெல்லியது, பந்து பத்து சதவீதம் அளவுக்குக் கூடுதலாகப் போகும்.

100 யார்டுக்குள் எப்படிப் பழகுகிறார்கள்?

அட்டவணை போட்டுத்தான். வழக்கமாக நான்கு வெட்ஜ் (குறுந்தூரக் கிளப்): முகச்சாய்வு 46, 50, 54, 58 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் கை இடுப்பு வரை, மார்பு வரை, முழு ஸ்விங் என மூன்று நீளம். ஆக 12 தூரங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்துப் பந்து அடித்து, மிக நீண்டதையும் மிகக் குறுகியதையும் தள்ளிவிட்டு, மீதி எட்டில் பந்து விழும் இடத்தின் சராசரியைக் குறித்துக்கொள்ள வேண்டும். பந்து உருண்டு நிற்கும் இடத்தை அளப்பது வீண். அது கிரீனுக்குக் கிரீன் மாறும். பயிற்சி மைதானத்தின் கடினமான வாடகைப் பந்தில் இதைச் செய்வதும் வீண்தான். சுழற்சியே வேறு.

எந்த நீளத்தில் பின்னால் எடுத்தாலும், பந்தைக் கடந்து முன்னால் போகும்போது வேகம் குறையக் கூடாது. பின்னால் நீளமாக எடுத்துவிட்டு, ஐயோ அதிகமாகிவிட்டது என்று கீழே வரும்போது வேகத்தைக் குறைப்பதுதான் இங்கே செய்யப்படும் பெரும் தவறு. கிளப் தரையில் முதலில் புதைந்து பந்து பாதி தூரம் போகும்.

இந்த அட்டவணை பார்-5-இல் காசாகிறது. இரண்டாவது ஷாட்டில் கிரீனை எட்ட முடியாதவர், முடிந்தவரை முன்னால் தள்ளுவதா, பிடித்த தூரம் மிச்சம் வைப்பதா என்று யோசிப்பார். பொதுவாக முன்னால் போவதுதான் லாபம், வழியில் தண்ணீரோ பங்கர் என்ற மணல்குழியோ இல்லாதவரை. முப்பது யார்டு அரைகுறை ஷாட் தனக்கு வராது என்பவர்களுக்கு மருந்து அதைப் பழகுவதுதான்.

பங்கரும் சிப்பிங்கும்?

தேவை, ஆனால் இதை வைத்து மட்டும் யாரும் டூரில் நிலைத்ததில்லை. கவனிக்க வேண்டியது ஒன்று: சிப் ஷாட்டில் கொடியைப் பார்த்து அடிக்கிறவர்களைவிட, பந்து முதலில் விழ வேண்டிய புள்ளியைக் குறித்து அடிக்கிறவர்கள் சீராக இருப்பார்கள்.

பட்டிங்கில் எவ்வளவு துல்லியம் தேவை?

குழியின் விட்டம் 10.8 சென்டிமீட்டர். பத்தடி தூரத்திலிருந்து பந்து ஒரு டிகிரி விலகிப் புறப்பட்டால் குழி மையத்திலிருந்து 5.3 சென்டிமீட்டர் தள்ளிப் போகும், அதாவது குழியின் விளிம்பு. மெதுவாக வந்தால் உள்ளே விழலாம், வேகமாக வந்தால் விளிம்பைச் சுற்றி வெளியே துப்பும். இருபதடியில் அதே ஒரு டிகிரி பத்து சென்டிமீட்டருக்கு மேல். உள்ளே போக வழியே இல்லை. பந்து புறப்படும் திசையை முடிவு செய்வது பெரும்பாலும் தொடும் கணத்தில் பட்டர் முகம் பார்க்கும் திசைதான். ஸ்ட்ரோக்கின் பாதைக்குப் பங்கு சிறிது.

எனவே முதல் பயிற்சி வாசல். சமதளத்தில் பந்துக்கு முன்னால் இரண்டடி தூரத்தில் இரண்டு டீயைப் பந்தைவிடச் சற்றே அகலமாக நட்டு, இடிக்காமல் அனுப்ப வேண்டும். தொடர்ந்து பத்து. ஒன்று இடித்தால் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். இடது டீயையே திரும்பத் திரும்ப இடித்தால் முகம் மூடிவருகிறது. பிடியைப் பாருங்கள், பந்து நிற்கும் இடத்தையும் பாருங்கள்.

இரண்டாவது, வேகம். தவறினால் பந்து குழியைத் தாண்டி ஒன்று, ஒன்றரை அடிக்குள் நிற்க வேண்டும். முப்பதடி, நாற்பதடி, ஐம்பதடியில் மாற்றி மாற்றி ஒரு தூரத்துக்கு ஒரே பந்து அடியுங்கள். ஒரே இடத்திலிருந்து பத்துப் பந்து அடித்தால் மூன்றாவதிலிருந்து கை பழகிவிடும். போட்டியில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. மூன்று பட் ஆவதற்கு வேகம்தான் காரணம், திசை அரிதாகவே. நாற்பதடியிலிருந்து ஓரடி இடப்பக்கம் தவறினால் ஒன்றும் ஆகாது; ஆறடி குறைவாக நின்றால் வியர்க்கும்.

பெர்முடா புல் கிரீன்களில் புல் சாய்ந்திருக்கும் திசையையும் படிக்க வேண்டும். குழியின் விளிம்பைப் பாருங்கள். ஒரு பக்கம் காய்ந்து கிழிந்தாற்போல் இருந்தால் புல் அந்தப் பக்கம் வளர்கிறது.

ட்ரைவரை வெளியே எடுக்காமலேயே மேஜர் ஜெயித்தவர் உண்டா?

தாய்லாந்தின் ஆரியா ஜுட்டானுகர்ன், 2016 பிரிட்டிஷ் ஓபன். 2-அயர்னும் 3-வுட்டும் வைத்தே டீயிலிருந்து ஆடினார். அவற்றிலேயே மற்றவர்களின் ட்ரைவர் தூரம் அவருக்கு வரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பலம் இருப்பவர் பலத்தில் கொஞ்சத்தை விற்றுத் துல்லியத்தை வாங்கலாம். பலம் இல்லாதவருக்கு அந்த வியாபாரம் கிடையாது.

அவர் கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அதே ஆண்டு ஏப்ரலில் ஏ.என்.ஏ. இன்ஸ்பிரேஷன் மேஜரில் முன்னிலையில் இருந்தவர் கடைசி மூன்று குழியிலும் போகி போட, நியூசிலாந்தின் லிடியா கோ ஜெயித்தார். மே மாதத்தில் ஆரியா தொடர்ந்து மூன்று போட்டிகளை வென்றார். நடுவில் ஸ்விங் மாறவில்லை. பியா நீல்சன், லின் மாரியட் என்ற பயிற்சியாளர்கள் ஷாட்டுக்கு முந்தைய வழக்கத்தில் ஒரு புன்னகையைச் சேர்த்தார்கள். பதற்றத்தில் வேகமாகும் உடலை நிதானப்படுத்த அது ஒரு கைப்பிடி. நீல்சன், ஸ்வீடனின் ஜாம்பவான் அன்னிகா சோரன்ஸ்டாமுக்கும் வழிகாட்டியவர்.

'மனவலிமை' என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதைப் பழக முடியுமா?

அந்தப் பெயரில் முடியாது. ஷாட்டுக்கு முந்தைய வழக்கமாகப் பழகலாம். நீல்சன், மாரியட் முறையில் பந்துக்குப் பின்னால் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்வார்கள். கோட்டுக்குப் பின்னால் யோசனை: தூரம், காற்று, பந்து கிடக்கும் நிலை, கிளப், இலக்கு. கோட்டைத் தாண்டினால் யோசனை இல்லை. ஏதோ ஓர் உணர்வை மட்டும் பிடித்துக்கொண்டு சில நொடிகளில் அடித்துவிட வேண்டும். பந்தின் மேல் நின்றுகொண்டு கிளப் சரிதானா என்று சந்தேகம் வந்தால் விலகி, கோட்டுக்குப் பின்னால் போய் மறுபடி தொடங்க வேண்டும். சந்தேகத்தோடு அடித்த சரியான கிளப்பைவிட, நிச்சயத்தோடு அடித்த தவறான கிளப் பரவாயில்லை.

கைக்கடிகாரத்தில் அளந்து பாருங்கள். நல்ல வீராங்கனைகளின் வழக்கம் முதல் குழியிலும் பதினெட்டாவது குழியிலும் ஓரிரு நொடி வித்தியாசத்தில் ஒரே நேரம் எடுக்கும். இதில் இப்போது தண்டனையும் சேர்ந்திருக்கிறது: 2025 மார்ச் முதல் எல்.பி.ஜி.ஏ.வில், நேரம் அளக்கப்படும்போது கெடுவை 5 நொடி வரை தாண்டினால் அபராதம், 6 முதல் 15 நொடி என்றால் ஒரு ஸ்ட்ரோக், 16-க்கு மேல் இரண்டு.

உலகின் முதல் நிலை வீராங்கனைகூடச் சறுக்குவது எப்படி?

2024-இல் அமெரிக்காவின் நெல்லி கோர்டா தொடர்ந்து ஐந்து போட்டிகளை வென்றார். அதற்கு முன் அதைச் செய்தவர்கள் நான்சி லோபஸும் சோரன்ஸ்டாமும் மட்டுமே. அதே ஆண்டு லங்காஸ்டரில் யு.எஸ். ஓபன் முதல் நாள், பார்-3 பன்னிரண்டாவது குழியில் பத்து எடுத்தார், சுற்று 80.

டீ ஷாட் கிரீனைத் தாண்டிப் பின்பக்க பங்கரில் விழுந்தது. அங்கிருந்து கிரீன் ஓடைப் பக்கம் சரிகிறது. பங்கர் ஷாட் கிரீனைக் கடந்து ஓடையில் விழ, மறுகரையிலிருந்து அடித்த இரண்டும் அதே ஓடைக்குப் போயின. இதில் கெட்ட ஸ்விங் என்று சொல்ல ஒன்றிரண்டுதான். பந்து போய்ச் சேர்ந்த இடம்தான் கெட்டது. ஒவ்வொரு கிரீனிலும் 'எங்கே போனாலும் அங்கே மட்டும் போகாதே' என்ற பக்கம் ஒன்று உண்டு. பயிற்சிச் சுற்றில் முதலில் குறிக்க வேண்டியது கொடி இருக்கும் இடத்தையல்ல, அந்தப் பக்கத்தை.

150 யார்டிலிருந்து அடிக்கும் நல்ல வீராங்கனையின் பந்துகளும் ஒரு வட்டத்துக்குள் சிதறத்தான் செய்யும். அந்த வட்டம் முழுதும் எங்கே விழுந்தால் நஷ்டம் குறைவோ, அதன் நடுவே குறி வைக்க வேண்டும். கொடி வலது ஓரத்தில் நாலு யார்டில் இருந்து, வலப்பக்கம் தண்ணீர் என்றால், குறி கிரீனின் மையத்துக்கு இடப்பக்கம்கூடப் போகலாம். பார்க்கச் சலிப்பான ஆட்டம். கோர்டா அந்த ஆண்டு மொத்தம் ஏழு பட்டம் வென்றார் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேடி சொன்னால் போதாதா? விதிகளையும் படிக்க வேண்டுமா?

2019 வரை பெண்கள் டூரில் பல கேடிகள் வீராங்கனைக்கு நேர் பின்னால் நின்று, திசை சரியா என்று பார்த்துச் சொல்லிவிட்டு விலகுவார்கள். அந்த ஆண்டு வந்த விதி, அடிக்க நிற்கத் தொடங்கிய பிறகு கேடி அந்தக் கோட்டில் நிற்கக் கூடாது என்றது. திசை பிடிப்பது அன்றிலிருந்து வீராங்கனையின் சொந்தத் திறமை. வழி எளிது: பந்துக்குப் பின்னால் நின்று இலக்குக் கோட்டில் ஒன்றரை அடி முன்னால் ஒரு புல் நுனியையோ உடைந்த டீயையோ குறித்துக்கொண்டு, முதலில் கிளப் முகத்தை அதற்கு நேராக வைத்து, அப்புறம் காலை வையுங்கள். காலை முதலில் வைப்பவர்கள்தான் கோணலாக நிற்பார்கள்.

2017 ஏ.என்.ஏ. இன்ஸ்பிரேஷனில் லெக்ஸி தாம்சன் சனிக்கிழமை ஓரடி பட்டுக்கு முன் பந்தைக் குறியிட்டு எடுத்து, சற்றே தள்ளி வைத்தார். ஞாயிறு ஆட்டத்தின் நடுவே நான்கு ஸ்ட்ரோக் தண்டனை என்று சொன்னார்கள்: தவறான இடத்திலிருந்து ஆடியதற்கு இரண்டு, அதனால் தவறான கணக்கில் கையெழுத்திட்டதற்கு இரண்டு. பிளேஆஃபில் (சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டம்) ரியூ சோ-யியோனிடம் தோற்றார். பந்தை வைத்த பிறகே குறியை எடுப்பது, வைத்த இடத்தை ஒரு முறை பார்ப்பது: இரண்டு நொடி வேலை.

தென்கொரியாவிலிருந்து இத்தனை பேர் எப்படி?

1998 யு.எஸ். ஓபனில் பாக் சே-ரி, பிளேஆஃப் உட்பட 92 குழி ஆடி ஜெயித்ததைச் சிறுமிகளாக இருந்து பார்த்த தலைமுறை ஒன்று. பாக் இன்-பி, ஷின் ஜி-யாய் அதில் வந்தவர்கள். உள்நாட்டு டூரே கடும் போட்டி உள்ளது என்பது இன்னொரு காரணம். இருபது வயதுக்குள் நூற்றுக்கணக்கான போட்டிச் சுற்றுகள் ஆடிவிட்டு வருகிறார்கள். பயிற்சி மைதானத்தில் மட்டும் வளர்ந்தவர்களோடு அங்கேதான் வேறுபடுகிறார்கள்.

இங்கே ஒரு பெண் இதைத் தொழிலாக எடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

ஹேண்டிகேப் (பாரைவிட எத்தனை ஷாட் கூடுதலாக ஆடுவார் என்ற மதிப்பு) பூஜ்யம் என்றால் உள்ளூரில் நட்சத்திரம். டூருக்கு அது போதாது. பிளஸ் நான்கு, பிளஸ் ஐந்தை (பாரைவிட நான்கைந்து குறைவு) நோக்கிப் போக வேண்டும், அதுவும் சொந்த மைதானத்தில் அல்லாமல் தெரியாத மைதானங்களில். வழி, தேசிய ஜூனியர், அமெச்சூர் போட்டிகள். பிறகு இந்தியப் பெண்கள் தொழில்முறை டூர். அடுத்து ஐரோப்பிய டூரின் தகுதிப் போட்டி, கடைசியாக எல்.பி.ஜி.ஏ. தகுதிப் போட்டி. அதிதி அசோக் 2016-இல் இந்தியன் ஓபனை வென்று ஐரோப்பிய டூரில் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். செவித்திறன் குறைபாடுள்ள, இடது கையில் ஆடும் தீக்‌ஷா டாகர் 2019-இல் தென்னாப்பிரிக்காவிலும் 2023-இல் செக் நாட்டிலும் வென்றார். அமெரிக்கக் கல்லூரி உதவித்தொகை இன்னொரு நல்ல பாதை. ஸ்டான்ஃபோர்டில் படித்த ரோஸ் ஜாங் 2023-இல் தொழில்முறையாக ஆடிய முதல் போட்டியையே வென்றார்.

செலவுக் கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். வழக்கமான போட்டியில் இரண்டு சுற்று முடிந்ததும் முதல் 65 இடத்தவரும் அவர்களோடு சமமாக இருப்பவர்களும் மட்டுமே தொடர்வார்கள். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் பரிசுப் பணம் இல்லை, விமானம், விடுதி, கேடியின் வாரச் சம்பளம் மட்டும் உண்டு. ஜெயித்தால் கேடிக்கு வழக்கமாகப் பரிசில் பத்து சதவீதம்.

போட்டி வாரம் எப்படி இருக்கும்?

திங்கள் பயணம். செவ்வாய் பயிற்சிச் சுற்று. ஸ்கோர் எழுத மாட்டார்கள். ஒவ்வொரு கிரீனிலும் வரும் நாட்களில் கொடி வைக்கக்கூடிய நான்கு இடங்களை ஊகித்து அங்கே டீயை நட்டு, இருபது, முப்பதடியிலிருந்து பட் செய்வார்கள். கிரீனைத் தவறவிடக்கூடிய இரண்டு பக்கத்திலிருந்தும் சிப் அடித்துப் பார்ப்பார்கள். புதன் புரவலர்களோடு ஆடும் புரோ-ஆம். ஆறு மணி நேரம் இழுக்கும், அன்று மாலை அதிகம் அடிக்கக் கூடாது. வியாழன் முதல் ஞாயிறு வரை, டீ நேரத்துக்கு (ஆட்டம் தொடங்கும் நேரம்) ஒன்றேகால் மணி நேரம் முன்னால் வந்து கால்மணி உடலைத் தளர்த்தி, வெட்ஜில் தொடங்கி ட்ரைவர் வரை நாற்பது பந்து, பிறகு சிப், கடைசியில் பட்டிங். கடைசியாக அடிப்பது மூன்றடி பட்கள், நான்கைந்து. எல்லாம் உள்ளே விழும் சத்தத்தோடு முதல் டீக்கு நடக்க வேண்டும்.